காலடிக்கு மட்டும் வெளிச்சம்

பைசாந்து,
12 மே 1996

அன்புள்ள தம்பி ஏபெருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் முழங்கால் புராணத்தை ஆரம்பித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். ஆரஞ்சு மரம் இந்த வருஷமும் பக்கத்து வீட்டுக்காரன் பக்கமாகவே காய்த்துத் தொங்குகிறது.

விஷயம் இதுதான். நம் ஆல்பா தியேட்டரைத் திறக்கப் போகிறார்கள். இத்தனை காலம் புறாவும் பூட்டுமாகக் கிடந்ததை நகராட்சி வாங்கி, கூரை மாற்றி, நாற்காலி போட்டு, ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் போடுகிறது. நேற்று நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மாத்தே டீ ஊற்றிக் கொடுத்தேன். உறிஞ்சிக்கொண்டே, "நிபியாம்மா, அந்தக் காலத்துல பால்கனியில டார்ச் அடிச்சு ஆளுங்கள உக்கார வச்சது நீங்கதானாமே? உங்க டார்ச்சோட வருவீங்களா? அன்னிக்கு பழைய ஆளுங்கதான் சனங்கள உக்கார வைக்கணும்னு எங்களுக்கு ஆசை" என்றாள். கீழ்த்தளத்துக்கு உன்னையும் கூப்பிடுவார்கள். விலாசம் கொடுத்திருக்கிறேன்.

என் டார்ச் எரியாமல் எர்மினியா அம்மா படியில் விழுந்த கதை அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எழுபத்தொன்றில் அவள் பிறந்தே இருக்கமாட்டாள். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டு, வருகிறேன் என்றுவிட்டேன். எனக்கு அறுபத்து நாலு வயசு, ஏபெர். அந்தப் பால்கனிப் படியில் ஒரே ஒரு தடவை, வருகிறவர்கள் எல்லாரையும் பத்திரமாக ஏற்றி இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

டார்ச் கிடைத்துவிட்டது. உன் மச்சான் தார்தோவின் தோல்வேலைச் சாமான் இருக்கும் தகரப் பெட்டியில், அடியில் கிடந்தது. வேலை போன அன்று தூக்கிப் போட்டதுதான், பிறகு யாரும் தொடவில்லை. நிக்கல் பூச்சு பாதி போய்ப் பித்தளை தெரிகிறது. பச்சையாகக் களிம்பு. பொத்தான் நகரவில்லை. அடிமூடி திருகவும் வரவில்லை. நீதான் அங்கே ஊர்ப்பட்ட ரேடியோவையெல்லாம் பிரித்து மாட்டுகிறவன் ஆயிற்றே, என்ன செய்யலாம் என்று எழுது.

உன் அக்கா
நிபியா


மொந்தேவிதேயோ,
21 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், முழங்கால் மோசம். மழை நாளில் படி ஏற முடியவில்லை. மருமகள் ஹீட்டர் போட்டால் கரண்ட் பில்லைக் காட்டுகிறாள்.

டார்ச் வேண்டாம் அக்கா. இருபத்தைந்து வருஷம் உள்ளேயே கிடந்த பேட்டரிக் கட்டை கசிந்து, உப்பி, குழாயோடு ஒட்டிப் போயிருக்கும். அதை எடுப்பது உன்னால் ஆகிற வேலை இல்லை. அந்தக் கசிவு கையை அரிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். நகராட்சிக்காரர்களே பிளாஸ்டிக் டார்ச் கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொள். இல்லை, அதுதான் வேண்டும் என்றால் பஸ்ஸில் எனக்குப் பார்சல் போட்டுவிடு. பிரிக்காமல் அப்படியே அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. எதற்காக அந்தப் படிக்கே திரும்பப் போகிறாய்? நடந்தது நடந்துவிட்டது. ஊரே மறந்துவிட்டது. நான் வருவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

தம்பி
ஏபெர்


பைசாந்து,
30 மே 1996

அன்புள்ள ஏபெருக்கு,

பார்சல் போட்டால் நீ அதை மூன்று மாதம் மேசைக்கு அடியில் வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? என் டார்ச்சை நானே பார்த்துக்கொள்கிறேன். ஏற்கெனவே பாதி பார்த்தும் விட்டேன்.

தலைப்பக்கத்து வளையத்தில் எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்தேன். சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித் திருகினேன், வந்துவிட்டது. கண்ணாடி உடையவில்லை. பல்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிக் கிண்ணத்தைத் துணியால் தேய்க்கப் போனேன், நல்லவேளை நீ எப்போதோ திட்டியது ஞாபகம் வந்தது. சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, வெயிலில் கவிழ்த்துவிட்டேன். ஒரு கீறல்கூட இல்லை. பல்பின் கம்பியும் அறுபடவில்லை. நான் கிழவிதான், ஆனால் கை இன்னும் கிழவியாகவில்லை.

கட்டைகள் மட்டும்தான் அசையமாட்டேன் என்கின்றன.

துடைத்துக்கொண்டே மேனேஜரின் பழைய பாடத்தைச் சொல்லிப் பார்த்தேன், அவர் குரலிலேயே: "காலுக்குத்தான் வெளிச்சம், மூஞ்சிக்கு இல்ல. இருட்டுக்குள்ள அவங்கவங்க மூஞ்சி அவங்கவங்க சொந்த விஷயம்." யார் யாரோடு வந்தார்கள் என்று ஊருக்கே தெரியாதது எனக்குத் தெரியும், ஆனால் காலைப் பார்த்து மட்டும்தான் தெரியும். மருந்துக்கடைக்காரரின் வெள்ளை பூட்ஸ், பள்ளிக்கூட டீச்சரின் சிவப்புக் குதிகால். ஒரு நாளும் ஒருத்தர் முகத்திலும் நான் வெளிச்சம் அடித்ததில்லை. அதனால்தான் ஜனங்கள் கீழே இடம் இருந்தாலும் என் பால்கனிக்கு வந்தார்கள். உனக்குப் பொறாமை.

தார்தோவுக்குத்தான் அது ஆகாது. "ஊர் ஆம்பளைங்கள எல்லாம் இருட்டுல கையப் புடிச்சு கூட்டிட்டுப் போறா" என்பார். நான் பிடித்தது கையை இல்லை, வெளிச்சத்தை என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த அவமானம் நடந்தபிறகு ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை அவர். எர்மினியா அம்மா வீட்டுக்கு நான் தினமும் போய்க் குளிப்பாட்டி, துணி துவைத்துவிட்டு வந்தபோதெல்லாம், "போய்ட்டு வா" என்று மட்டும் சொல்வார். இறந்து நாலு வருஷமாகிறது. அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அவர் கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறேன்.

சரி, கட்டையை எப்படி எடுப்பது? மென்று முழுங்காமல் எழுது.

நிபியா அக்கா


மொந்தேவிதேயோ,
8 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் வேண்டாம் என்று சொல்வது சுவரிடம் சொல்வது மாதிரி. எழுதுகிறேன், சொன்னபடி செய்.

கையுறை போட்டுக்கொள். சோடா உப்பை வெந்நீரில் கரைத்து, தலைப்பக்கத்திலிருந்து குழாய் நிறைய ஊற்றி நிறுத்திவை. நுரைக்கும், பயப்படாதே. நுரை அடங்கியதும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்று. அடிமூடி தானாக இளகும். பிறகு குழாயைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, துடைப்பக் கம்பை உள்ளே விட்டுத் தட்டித் தள்ளு. இரும்புக் கம்பி போடாதே.

இரண்டு கட்டையும் ஒரே பிண்டமாகத்தான் வெளியே வரும். நடுவில் இருக்கிற தோலும் அதோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்துக் கொண்டிருக்காதே. வந்த கையோடு அப்படியே காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடு. அது விஷம், அக்கா. விளையாட்டில்லை.

குழாயின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய். அடிமூடி ஸ்பிரிங்கில் பித்தளை பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். பொத்தானுக்கு அடியில் ஒரு செப்புத் தகடு இருக்கும், அது குழாயைத் தொடாமல் வளைந்திருந்தால் நகத்தால் மெல்ல நிமிர்த்து. அடிமூடிக்குள் ஒரு உதிரி பல்பு வைத்திருப்போமே, அதையும் பார்.

நகராட்சியிலிருந்து எனக்கும் அழைப்பு வந்தது. பார்க்கலாம்.

ஏபெர்


பைசாந்து,
19 ஜூன் 1996

ஏபெருக்கு,

மூன்று நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

சோடா உப்பு, வெந்நீர், துடைப்பக் கம்பு எல்லாம் நீ சொன்னபடியே செய்தேன். நீ சொன்னபடியே பிண்டமாக வந்தது. குப்பையில் போடச் சொன்னாய். நான் எப்போது நீ சொன்னதை முழுதாகக் கேட்டிருக்கிறேன்? கத்தியை நடுவில் விட்டு நெம்பினேன். இரண்டு கட்டைக்கும் நடுவில் ஒரு வட்டம் இருந்தது.

முதலில் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். கடைசிக் காட்சி முடிந்ததும் நாம் எல்லாரும் கட்டைக்கு நடுவில் அட்டை வட்டம் வைப்போமே, பையில் அமுங்கி எரிந்து கட்டை வீணாகாமலிருக்க. அதை எடுக்க மறந்துதான் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தீர்ந்துபோன கட்டையை அடுப்பு மூடிமேல் வைத்துச் சூடேற்றிச் சூடேற்றி ஓட்டியதால்தான் விளக்கு எரியவில்லை என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். போதாததற்கு இதுவுமா என்று இருந்தது.

பிறகு அதைக் கழுவினேன். அது அட்டை இல்லை. சேணத் தோல். கத்தரியால் வெட்டியதில்லை, ஓரம் அவ்வளவு வழவழப்பு. அதே தகரப் பெட்டியைத் திறந்து தார்தோவின் வட்ட உளிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் அச்சாகப் பொருந்தியது.

மதியக் காட்சியில் அந்த டார்ச் நன்றாக எரிந்தது, ஏபெர். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டுத் தலை வாரப் போனேன். சாயங்காலம் படம் ஆரம்பித்தபிறகு எர்மினியா அம்மா வந்தார்கள். பொத்தானை நகர்த்தினேன், இருட்டு. "இங்கயே இருங்கம்மா, தம்பிகிட்ட டார்ச் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கீழே ஓடி வந்தேன். அந்த அம்மா காத்திருக்கவில்லை. மற்றப் படிகளைவிட உயரமான அந்தப் பெரிய படியில் கால் தடுக்கி, இடுப்பெலும்பு போய்விட்டது.

உன்னிடம் ஓடி வந்தேனே, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? "என்னக்கா, வெளக்கு படுத்துருச்சா?" என்று சிரித்தாய். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நான் கட்டையை வெளியே எடுப்பதற்கு முன்னாலேயே, "நடுவில் இருக்கிற தோல்" என்று எழுதியிருக்கிறாய். நாம் யாரும் தோல் வைத்ததில்லை. உள்ளே தோல் இருந்தது எனக்கே தெரியாது.

உனக்கு எப்படித் தெரியும்?

நிபியா


மொந்தேவிதேயோ,
28 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் பழக்க தோஷத்தில் தோல் என்று எழுதிவிட்டேன் என்று பூசி மெழுகலாம் என்று பார்த்தேன். நீ நம்பமாட்டாய்.

நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. கேட்டது மச்சான். ஞாயிற்றுக்கிழமை சீட்டாடும்போது, "டேய், டார்ச்ச உடைக்காம ஒரு ராத்திரி மட்டும் எரியாம பண்ண முடியுமாடா?" என்றார். அட்டை வைத்தால் எரியாது என்று சொன்னேன். அது ஊருக்கே தெரிந்த விஷயம். "அட்டை நைஞ்சு போயிரும், நான் தோல்ல வெட்டிக்கறேன். இருட்டுல ஒரு நாள் முழிச்சா தானா வேலைய விட்டுட்டு வீட்டுல கெடப்பா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்தோம். கிழவி விழுவாள் என்று யார் கண்டது?

மறுநாள் காலையில் சொல்லிவிடலாம் என்று உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் மச்சான் நின்றார். "வாயத் தொறந்தே, உங்க அக்கா குடித்தனம் அதோட முடிஞ்சுது, பாத்துக்கோ" என்றார். உன் குடும்பம் கெடக்கூடாது என்றுதான் அப்போது பேசாமல் இருந்தேன். அந்த ஊரில் இருக்க முடியாமல்தான் இங்கே வந்தேன். எனக்கும் அது சுலபமாக இல்லை.

இறந்து போனவரை இனி என்ன கேட்க முடியும்? நீயும் யோசித்துப் பார், சூடேற்றின கட்டைதானே, அன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் அணைந்திருக்கும். இதை இதோடு விட்டுவிடு அக்கா.

ஏபெர்


பைசாந்து,
7 ஜூலை 1996

ஏபெருக்கு,

விட்டுவிடுகிறேன். அதற்கு முன்னால் நீ இதைப் படி.

எர்மினியா அம்மா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தார்கள். எழுந்து நடக்கவே இல்லை. ஒன்பது வருஷமும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்தேன், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டேன், மலம் அள்ளினேன். அவர்கள் மகள்கள் வரவில்லை, நான் போனேன். மழை நாளில் நம் வீட்டில் மாவைத் தட்டிப் பொரித்தால் முதல் தட்டு அவர்களுக்குத்தான் போகும். உயிர் போகும்முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மன்னிச்சுட்டேன்டி, நிம்மதியா இரு" என்றார்கள். நான் அழுதேன். வீட்டுக்கு வந்து தார்தோவிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே சூப் குடித்தான். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றான்.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கி, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்தவள் நான். அவன் என்னை ஒரு ராத்திரி இருட்டில் விட நினைத்தான். நீங்கள் இரண்டு பேருமாக இருபத்தைந்து வருஷம் விட்டுவைத்தீர்கள். அவனாவது கல்யாணத்தால் வந்தவன். நீ என்கூடப் பிறந்தவன். அம்மா வேலைக்குப் போனபிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உன் வாய் யாருக்காக மூடியிருந்தது, ஏபெர்? என் குடும்பத்துக்காக என்று இனி ஒரு தடவை எழுதாதே. அவன் செத்து நாலு வருஷமாயிற்று. இந்த நாலு வருஷம் யார் குடும்பத்தைக் காப்பாற்றினாய்?

கல்லறைக்குப் பூ கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன்.

ஸ்பிரிங்கைத் தேய்த்துவிட்டேன். செப்புத் தகட்டை நிமிர்த்தினேன். குழாய்க்குள் உப்புத்தாள் போட்டுக் கை கடுக்கத் தேய்த்தேன். புதுக் கட்டை போட்டேன், எரியவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் பல்பின் அடியில் மட்டும் ஒரு பொட்டுக் களிம்பு. சுரண்டினேன், எரிந்தது. சமையலறைச் சுவர் முழுக்க வெளிச்சம். பட்டப்பகலில் அதை ஏற்றி வைத்துக்கொண்டு அழுதேன் என்று உனக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆகஸ்டுக்கு வா. எழுதியதை என் முன்னால் நின்று சொல்.

நிபியா


மொந்தேவிதேயோ,
20 ஜூலை 1996

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார டாக்டர் வேண்டாம் என்கிறார். கீழ்த்தளத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி நகராட்சிக்கு எழுதிவிட்டேன்.

விழா நன்றாக நடக்கட்டும்.

ஏபெர்


பைசாந்து,
5 ஆகஸ்ட் 1996

ஏபெர்,

நேற்று தியேட்டர் நிறைந்துவிட்டது. கீழே இடமில்லாமல் பாதிப் பேர் என் பக்கம் ஏறினார்கள். கருநீலக் கோட்டைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெரிய படியை இன்னும் சரி செய்யவில்லை, இத்தனை செலவு செய்தும். அதனால் ஒவ்வொருவருக்கும் வெளிச்சத்தை அங்கே நிறுத்தி, "பெரிய படி வருது, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது.

படம் ஆரம்பித்தபிறகு ஒருத்தர் வந்தார். தொப்பியை இழுத்துவிட்டு, கம்பளித் துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு வந்தார். நான் காலைத்தானே பார்ப்பேன். வலது காலை ஒரு படியில் வைத்து, இடது காலை அதே படிக்கு இழுத்து வைத்து ஏறினார். மூன்றாவது படியிலேயே தெரிந்துவிட்டது.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விளக்கை அணைத்திருக்கலாம். எனக்கு அந்த நினைப்பு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் "பெரிய படி வருது, பாத்து" என்றேன். கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டாய். வரிசைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். எல்லாரையும் போல நீயும் டிப்ஸுக்குக் காசை நீட்டினாய். நான் வாங்கவில்லை.

விளக்கை உயர்த்தினேன்.

என் வாழ்நாளில் நான் வெளிச்சம் அடித்த ஒரே முகம் உன்னுடையதுதான். சொல்வாய் என்று நின்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். பின் வரிசையில் ஒரு குழந்தை, "அம்மா, அந்தத் தாத்தா டிக்கெட் எடுக்கலியா?" என்று கேட்டது. யாரோ உஷ் என்றார்கள். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. அத்தனை தூரம் வந்து, அத்தனை படி ஏறி, இருட்டில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றா வந்தாய்?

இடைவேளையில் பார்த்தேன், உன் இருக்கை காலி. எனக்காகக் காத்திருக்காமல் இறங்கிவிட்டிருக்கிறாய்.

இந்த உறையில் தோல் வட்டத்தை வைத்திருக்கிறேன். நன்றாகக் கழுவியிருக்கிறேன், விஷமெல்லாம் இல்லை. என் டார்ச்சுக்குள் அதற்கு இனி இடமில்லை, நீயே வைத்துக்கொள். பதில் எழுதாதே. வந்தால் பிரிக்கமாட்டேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டபிறகும் நான் டார்ச்சை அணைக்கவில்லை. கடைசி ஆள் இறங்கும்வரை அந்தப் படியிலேயே நின்றேன். ஒருத்தரும் விழவில்லை.

நிபியா